டிவிடி பர்ன் ஆகுதில்லையா? எத்தனை வீதத்தில் நிண்டது எண்டு முதல்ல பாருங்கோ



இந்தக் கிழமை எபிசோட்டின் கடைசியில் ஒரு நேயரின் கேள்வியை வாசித்தோம். பதில் சொல்ல நேரம் காணவில்லை. அதனால் இங்க ஆறுதலா எழுதுறன்.

கேள்வி ரொறன்ரோவில் இருந்து. மச்சாளின்ர கலியாண வீடியோவை அம்மம்மாவுக்கு டிவிடியில் போட்டுக் குடுக்க வேணும். மூன்று டிஸ்க் முடிஞ்சுது, ஒண்டும் சரிவரவில்லை. முதலாவது 0 வீதத்திலேயே நிண்டுபோச்சு. இரண்டாவது 96 வீதம் மட்டும் போய்க் கவிழ்ந்துபோச்சு. மூன்றாவது வெற்றியா முடிஞ்சுது எண்டு கொம்பியூட்டர் சொல்லுது, லப்டொப்பில் வடிவா ஓடுது, ஆனால் அம்மம்மாவின்ர பிளேயரில் போட்டால் டிஸ்க்கே இல்லை எண்டு வருது. "ஒரே ட்ரைவ், ஒரே பெட்டி டிஸ்க், ஒரே வீடியோ. எதைக் குற்றம் சொல்லுறது?"

"இந்தக் காலத்தில் டிவிடியா, லிங்க்கை அனுப்பினால் போச்சுத்தானே" எண்டு சிரிக்கிற ஆக்களுக்கு ஒரு வார்த்தை. எங்கட கனவீடுகளில் ரிவிக்குக் கீழ ஒரு டிவிடி பிளேயர் இன்னும் இருக்கு. எந்தப் பட்டனை அமத்தினால் படம் வரும் எண்டு வடிவாத் தெரிஞ்ச ஒரு அம்மம்மாவும் இருக்கிறா. லிங்க் அனுப்பினால், பேரப்பிள்ளை ஒண்டு வந்து போட்டுக் காட்டுமட்டும் அவ காத்திருக்க வேணும். யூஎஸ்பி ஸ்டிக் எண்டால் ரிமோட்டில் சோர்ஸ் மாத்தி, இங்கிலிஷில் இருக்கிற ஃபைல் பட்டியலுக்குள்ள தேட வேணும். டிஸ்க் எண்டால் விடியப்புறம் நித்திரை வராட்டிலும் ஒருத்தரையும் கேக்காமல் தானே போட்டுப் பார்ப்பா. கலியாணத்துக்குப் போக உடம்பு விடாத ஒரு ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, பதிலுக்கு வருவம். அந்த மூன்று டிஸ்க்கும் ஒரே பிழையால் பழுதாகவில்லை. மூன்றும் வேற வேற இடத்தில் வந்த பிழை. டிவிடி பர்ன் பண்ணுறதில் ஐந்து கண்ணி இருக்கு: ஃபைல், கொம்பியூட்டர், ட்ரைவ், டிஸ்க், பிளேயர். எந்தக் கண்ணி அறுந்தது எண்டு ஊகிக்கத் தேவையில்லை. எத்தனை வீதத்தில் நிண்டது எண்டதே பெரும்பாலும் சொல்லிப்போடும். ஏன் எண்டு விளங்க, டிஸ்க்குக்குள்ள என்ன நடக்குது எண்டு கொஞ்சம் பார்க்க வேணும்.

வட்டுக்குள்ள என்ன நடக்குது

எங்கட நிகழ்ச்சிகளில் "இறுவட்டு வெளியீடு" எண்டு அறிவிப்பினம், கேட்டிருப்பியள். அந்த வட்டுத்தான் இது. ஆனால் கடையில் விக்கிற படத்தின் டிவிடி தொழிற்சாலையில் அச்சு வைச்சு அடிக்கப்படுறது. நாங்கள் வீட்டில் பர்ன் பண்ணுறது அப்பிடி இல்லை. வெறும் டிஸ்க் எண்டது 0.6 மில்லிமீற்றர் தடிப்பான இரண்டு பிளாஸ்டிக் தகடு ஒட்டினது. நடுவில் ஒரு சாயப் படை இருக்கு. ட்ரைவில் இருக்கிற 650 நனோமீற்றர் சிவப்பு லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாச் சுட்டு மாத்துது. சுட்ட இடமும் சுடாத இடமும் வெளிச்சத்தை வித்தியாசமாத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தைத்தான் பிளேயர் பிறகு வாசிக்குது. "பர்ன்" எண்ட சொல் சும்மா வந்ததில்லை.

இரண்டு விஷயத்தை நினைவில் வைச்சிருங்கோ.

முதலாவது, எழுத்து உள்ளுக்கிருந்து வெளியால போகுது. நடுவில் இருக்கிற ஓட்டைக்குப் பக்கத்தில் தொடங்கி, சுருள் மாதிரிச் சுத்திச் சுத்தி விளிம்புக்கு வரும். அந்தச் சுருளை நீட்டிப் பிடிச்சால் கிட்டத்தட்ட 12 கிலோமீற்றர் வரும். ஆகவே டிஸ்க் நிரம்பிற அளவுக்குப் போடேக்க, 5 வீதம் எண்டால் உள் வட்டம், 95 வீதம் எண்டால் வெளி விளிம்பு. வீதம் எண்டது நேரக் கணக்கு மட்டுமில்லை, டிஸ்க்கில் ஒரு இடம்.

இரண்டாவது, எழுதத் தொடங்க முதல் ட்ரைவ் ஒரு பரீட்சை வைக்கும். டிஸ்க்கின் உள் ஓரத்தில் இதுக்கெண்டே ஒரு சின்ன இடம் இருக்கு. அதில் லேசரைக் கூட்டியும் குறைச்சும் சுட்டுப் பார்த்து, இந்த டிஸ்க்குக்கு எவ்வளவு சூடு சரி எண்டு முடிவெடுக்கும். தோசைக்கல்லில் முதல் தோசை ஊத்திப் பார்க்கிற மாதிரி.

0 வீதத்தில் நிண்டால்: ட்ரைவும் டிஸ்க்கும் ஒத்துப்போகவில்லை

அந்த முதல் தோசையே சரிவராட்டி, ட்ரைவ் எழுத மறுக்கும். சில புரோகிராம் "பவர் கலிப்ரேஷன் எரர்" எண்டு சொல்லும், சிலது சும்மா "டிஸ்க்கை எழுத முடியவில்லை" எண்டு மட்டும் சொல்லும். இதில் உங்கட வீடியோவில் ஒரு குற்றமும் இல்லை. வீடியோவைத் திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம். பார்க்க வேண்டியது இதுகள்தான்.

மின்சாரம். இப்ப வாற லப்டொப்புகளில் டிஸ்க் ட்ரைவ் இல்லை. வெளியால கொழுவிற மெல்லிசான ட்ரைவைத்தான் எல்லாரும் வாங்குறம். அதுக்கு மின்சாரம் யூஎஸ்பி கேபிளால மட்டும்தான் வருது. யூஎஸ்பி 2.0 துளை ஒண்டு தரவேண்டிய அளவு 500 மில்லிஅம்பியர், யூஎஸ்பி 3.0 எண்டால் 900. வாசிக்கேக்க இது காணும். லேசர் சுடத் தொடங்கேக்கயும் மோட்டர் வேகம் எடுக்கேக்கயும் காணாமல் போகலாம். ஒரு சின்ன ஹப்பில் மவுஸ், கீபோர்ட், சார்ஜ் ஏறுற ஃபோன் எல்லாத்தோடையும் சேர்த்து ட்ரைவையும் கொழுவினால் கட்டாயம் சிக்கல்தான். ஹப்பைக் கழட்டிப்போட்டு நேர லப்டொப்பில் கொழுவுங்கோ. சில ட்ரைவோட இரண்டு தலை உள்ள கேபிள் வரும். அந்த இரண்டாவது தலை மின்சாரத்துக்குத்தான். அதையும் கொழுவுங்கோ. லப்டொப்பையும் சார்ஜரில் போடுங்கோ.

டிஸ்க்கின் தரம். வெளியால அச்சடிச்சிருக்கிற பெயரும் உள்ள டிஸ்க்கைச் செய்த தொழிற்சாலையும் ஒண்டாக இருக்க வேணும் எண்டில்லை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் செய்தவரின் குறியீடு ஒண்டு பதிஞ்சிருக்கும். ட்ரைவ் அதை வாசிச்சு, தனக்குத் தெரிஞ்ச டிஸ்க் எண்டால் அதுக்கேத்த மாதிரி எழுதும். தெரியாத டிஸ்க் எண்டால் குத்துமதிப்பா எழுதும். பல வருசம் நல்ல பெயர் எடுத்திருந்த ஜப்பானின் தையோ யூடென் 2015 முடிவோட டிஸ்க் செய்யிறதை விட்டுட்டுது. எது நல்ல டிஸ்க் எண்டு பழைய ஆக்கள் சொல்லுறதை இப்ப அப்பிடியே நம்ப ஏலாததுக்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பெட்டி சரிவராட்டி அதே பெட்டியில் இருந்து ஏழாவதை எடுத்துப் போடாமல், வேற கம்பனியின் டிஸ்க் நாலைஞ்சு வாங்கிப் பாருங்கோ.

ட்ரைவ் உண்மையில் எழுதுற ட்ரைவா? பழைய கொம்பியூட்டர்களில் டிவிடி வாசிக்கவும் சிடி மட்டும் எழுதவும் கூடிய ட்ரைவ் இருந்தது. முகப்பில் இருக்கிற அடையாளத்தைப் பாருங்கோ. இன்னொரு விஷயம்: "சிடி நல்லா ஓடுது, அப்ப ட்ரைவ் நல்லது" எண்டு முடிவெடுக்க வேண்டாம். சிடிக்கு 780 நனோமீற்றர் லேசர், டிவிடிக்கு 650. ஒண்டு நல்லா இருக்க மற்றது களைச்சுப் போயிருக்கலாம்.

நடுவில் நிண்டால்: கொம்பியூட்டர் பக்கம் பாருங்கோ

20, 45, 70 எண்டு ஒவ்வொரு முறையும் வேற வேற இடத்தில் நிண்டால், டிஸ்க்கை விட்டுட்டுக் கொம்பியூட்டரையும் கேபிளையும் பாருங்கோ. எப்பவும் ஒரே இடத்தில் நிண்டால் ஃபைலில் சந்தேகம்.

முந்தி, தரவு வாறது ஒரு கணம் தடைப்பட்டாலே டிஸ்க் பழுதாப்போகும். டிஸ்க் பர்ன் ஆகேக்க கொம்பியூட்டரைத் தொடாதே எண்டு அண்ணாமார் கத்தினது அதாலதான். 2000ஆம் ஆண்டில் சான்யோ கொண்டுவந்த ஒரு நுட்பத்தோட, எழுதுறதை இடையில் நிப்பாட்டி அதே இடத்தில் இருந்து தொடர ட்ரைவுகள் பழகிட்டுது. ஆகவே சின்னத் தடங்கல் இப்ப பிரச்சினை இல்லை. பெரிய தடங்கல்தான் பிரச்சினை. அது பெரும்பாலும் மூன்று வழியால வரும்.

ஒண்டு, ஃபைல் உங்கட கொம்பியூட்டரிலேயே இல்லை. ஒன்ட்ரைவ், ஐக்ளவுட் மாதிரிச் சேவைகள் ஃபைலின் பெயரை மட்டும் காட்டி, உள்ளடக்கத்தை இணையத்தில் வைச்சிருக்கும். பெயர் இருக்கு எண்டு நம்பி டிஸ்க்கில் போட்டால், இடைவழியில் தரவு வராமல் நிக்கும். முழு வீடியோவையும் முதல்ல உங்கட ஹார்ட் ட்ரைவுக்கு இறக்குங்கோ.

இரண்டு, லப்டொப் நித்திரைக்குப் போகுது. முழு டிஸ்க் ஒண்டை 4 மடங்கு வேகத்தில் எழுதக் கிட்டத்தட்ட 14 நிமிசம் எடுக்கும், பிறகு சரிபார்க்கவும் நேரம் போகும். ஸ்லீப் நேரத்தை நீட்டி வையுங்கோ.

மூன்று, கேபிள். விண்டோஸில் "செமஃபோர் டைம்அவுட்" எண்டு ஒரு செய்தி வந்தால், ட்ரைவோட கதைச்சுக்கொண்டு இருந்த கொம்பியூட்டருக்கு மறுமொழி வராமல் போச்சு எண்டு அர்த்தம். கேபிளையும் துளையையும் மாத்திப் பாருங்கோ.

டிஸ்க்குக்கே போக முதல், வீடியோவை மாத்துற கட்டத்தில் நிண்டால் அது வேற கதை. அங்க பெரும்பாலும் இடம் போதாமைதான். 4.7 ஜிபி டிஸ்க் ஒண்டைத் தயாரிக்க, தற்காலிக ஃபைல்களுக்கும் சேர்த்து ஹார்ட் ட்ரைவில் 10 ஜிபிக்கு மேல வெறுமையா இருக்க வேணும். ஃபேட்32 முறையில் ஃபோர்மட் பண்ணின பழைய யூஎஸ்பி ஸ்டிக்கில் சேமிக்கப் பார்த்தாலும் விழும், ஏன் எண்டால் அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போக ஏலாது.

95 வீதத்துக்கு மேல நிண்டால்: விளிம்பு

நேயரின் இரண்டாவது டிஸ்க் இந்த வகை. டிஸ்க்கை முட்ட முட்ட நிரப்பினால் கடைசி 5 வீதம் எழுதப்படுறது விளிம்பில் ஒரு மில்லிமீற்றரை விடக் கொஞ்சம் கூடின வளையத்தில். நாங்கள் விரலால பிடிக்கிறதும் அந்த இடத்தைத்தான். டிஸ்க் வளைஞ்சிருந்தால் கூடுதலா ஆடுறதும் அந்த இடம்தான். மலிவான டிஸ்க்கில் சாயம் ஒரே சீராப் படியாமல் போறதும் அங்கதான். அதோட, பெரிய ட்ரைவுகளில் "16 மடங்கு வேகம்" எண்டு போட்டிருந்தால், அந்த வேகம் வாறது விளிம்புக்குக் கிட்ட மட்டும்தான். உள்ளுக்கு ஏழு மடங்கும் வராது. ஆக மோசமான இடத்தில் ஆகக் கூடின வேகம்.

செய்யிறதுக்கு இரண்டு வேலை. வேகத்தை 4 அல்லது 8 மடங்குக்குக் குறையுங்கோ. ஆக மெதுவானதுதான் ஆக நல்லது எண்டில்லை; இப்பத்தைய டிஸ்க்குகள் கூடின வேகத்துக்கெண்டு செய்தவை, 1 மடங்கில் எழுதினால் சில நேரம் இன்னும் மோசமா வரும். மற்றது, டிஸ்க்கை நிரப்பாதேங்கோ. பெட்டியில் 4.7 ஜிபி எண்டு இருக்கும், விண்டோஸ் அதையே 4.37 எண்டு காட்டும். களவு இல்லை, எண்ணுற முறைதான் வேற. விண்டோஸ் கணக்கில் 4.1 அளவில் நிப்பாட்டினால் விளிம்பைத் தொடாமல் தப்பலாம்.

8.5 ஜிபி இரட்டைப் படை டிஸ்க் போடுற ஆக்களுக்கு: அதில் முதல் படை உள்ளிருந்து வெளியாலயும், இரண்டாவது படை வெளியிலிருந்து உள்ளுக்கும் எழுதப்படும். ஆகவே நிரம்பின டிஸ்க் 50 வீதத்துக்குக் கிட்ட நிண்டால், படை மாறுற இடத்தில்தான் பிழை.

ஒரு எச்சரிக்கை. 99 அல்லது 100 வீதத்தில் கனநேரம் அசையாமல் நிக்கும். அது செத்துப்போகவில்லை. இத்தோட டிஸ்க் முடிஞ்சுது எண்டு ட்ரைவ் கடைசி முத்திரை குத்துற நேரம் அது. பொறுமை இல்லாமல் கேபிளை இழுத்தால், எழுதின எல்லாம் உள்ள இருக்கும், ஆனால் பிளேயருக்கு டிஸ்க் முடியாத டிஸ்க்தான்.

"முடிஞ்சுது" எண்டு சொல்லியும் பிளேயரில் ஓடாட்டி

இதுதான் மூன்றாவது டிஸ்க். என்னைக் கேட்டால் ஆகக் கூடின ஆக்கள் மாட்டுப்படுறதும் இங்கதான். டிஸ்க்கும் பழுதில்லை, ட்ரைவும் பழுதில்லை. பிளேயருக்கு விளங்காத பாஷையில் எழுதியிருக்கு, அவ்வளவுதான்.

ஃபோனில் எடுத்த வீடியோ எம்பி4 ஃபைல். அதை இழுத்து டிஸ்க்கில் விட்டால் கிடைக்கிறது ஒரு ஃபைல் உள்ள டிஸ்க். பழைய பிளேயருக்கு எம்பி4 எண்டால் என்னெண்டே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது எம்பெக்-2 எண்ட பழைய வீடியோ முறை, அதுவும் "வீடியோ டிஎஸ்" எண்ட பெயருள்ள ஒரு ஃபோல்டருக்குள்ள, விஓபி, ஐஎஃப்ஓ எண்டு முடியிற ஃபைல்களா இருக்க வேணும். சோதிக்கிறது லேசு: டிஸ்க்கைக் கொம்பியூட்டரில் திறந்து பாருங்கோ. அந்த ஃபோல்டர் இருந்தால் அது டிவிடி வீடியோ. எம்பி4 மட்டும் இருந்தால் டேட்டா டிஸ்க். லப்டொப்பில் வடிவா ஓடினது ஒண்டையும் நிரூபிக்காது. லப்டொப் எல்லாத்தையும் ஓட்டும்.

விண்டோஸ் இதில் இன்னொரு பொறி வைச்சிருக்கு. வெறும் டிஸ்க் போட்டவுடன, எப்பிடிப் பாவிக்கப் போறியள் எண்டு கேட்டு இரண்டு தெரிவு தரும். ஒண்டு யூஎஸ்பி ஸ்டிக் மாதிரி, மற்றது சிடி/டிவிடி பிளேயரில் போட. முதலாவதைத் தெரிஞ்சால் வீட்டுப் பிளேயர்கள் வாசிக்கவே மாட்டுது. இரண்டாவதைத் தெரிஞ்சாலும், அது வீடியோவை மாத்தித் தராது. எம்பி4 எம்பி4 ஆகவே இருக்கும். அதை மாத்துற விண்டோஸ் டிவிடி மேக்கர் எண்ட புரோகிராம் விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் இருந்தது, விண்டோஸ் 8 ஓட எடுத்துப்போட்டினம். ஆப்பிளின் ஐடிவிடியும் இப்ப இல்லை. ஆகவே தனியா ஒண்டு தேவை. டிவிடிஸ்டைலர் எண்டது இலவசம், விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

புதிய புரொஜெக்ட் தொடங்கேக்க அது என்ரிஎஸ்சியா, பாலா எண்டு கேட்கும். (குடிக்கிற பால் இல்லை.) இது ரிவி முறை. கனடா, அமெரிக்கா எண்டால் என்ரிஎஸ்சி, நொடிக்குக் கிட்டத்தட்ட 30 படம். இங்கிலாந்து, ஐரோப்பா, இலங்கை, இந்தியா, அவுஸ்திரேலியா எண்டால் பால், நொடிக்கு 25 படம். பால் நாடுகளில் விக்கிற பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். வட அமெரிக்கப் பிளேயர்கள் கனக்க பாலை ஓட்டாது. லண்டன் சித்தி அனுப்பின டிஸ்க் ஸ்காபரோவில் ஓடாததுக்கு இது ஒரு வழமையான காரணம். ரீஜன் கோட் எண்டு பயப்பிட வேண்டாம், வீட்டில் செய்யிற டிஸ்க்குக்கு அது இல்லை. டிஸ்க் எந்த நாட்டில் ஓடப்போகுதோ அந்த நாட்டு முறையைத் தெரிவு செய்யுங்கோ.

டிஸ்க் வகையும் முக்கியம். மைனஸ் ஆர் 1997இல் வந்தது, பிளஸ் ஆர் 2002இல். பிளேயர் பழசு எண்டால் மைனஸ் ஆர் வாங்குங்கோ. அழிச்சு எழுதுற ஆர்டபிள்யூ டிஸ்க் வெளிச்சத்தைக் குறைவாத்தான் திருப்பி அனுப்பும், பழைய பிளேயர்கள் கனக்க அதைக் கண்டாலும் காணாத மாதிரி இருக்கும்.

எவ்வளவு நேர வீடியோ கொள்ளும்?

நேயரின் வீடியோ 2 மணி 40 நிமிசம். ஒற்றைப் படை டிஸ்க்கில் 2 மணித்தியாலம் போட்டால் நொடிக்கு 5 மெகாபிட் அளவு கிடைக்கும், படம் வடிவா இருக்கும். 2 மணி 40 நிமிசத்தை அதுக்குள்ள அமத்தினால் 4க்குக் கீழ போயிடும். மணவறைப் பூவும் கூறைச் சேலைக் கரையும் கட்டம் கட்டமாத் தெரியும். இரட்டைப் படை டிஸ்க்கில் கொள்ளும், ஆனால் பர்ன் ஆகேக்கயும் பழைய பிளேயரில் ஓடேக்கயும் சிக்கல் கூட. என்ர ஆலோசனை இரண்டு ஒற்றைப் படை டிஸ்க். தாலி கட்டு ஒண்டில், ரிசப்ஷன் மற்றதில். அம்மம்மா எதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பா எண்டு உங்களுக்கே தெரியும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

நான் கொன்ட்ராக்டில் போற எல்லா இடத்திலும் இந்த ஒரு விதிதான். கேபிள், டிஸ்க், வேகம், புரோகிராம் எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தி, சரிவந்தால் எதால சரிவந்தது எண்டு தெரியாது. சரிவராட்டி இன்னும் குழப்பம். டிவிடிக்கு அந்த விதியை இப்பிடிப் பாவியுங்கோ:

1. வீடியோவைத் தயாரிக்கிறதையும் பர்ன் பண்ணுறதையும் பிரியுங்கோ. டிவிடிஸ்டைலரில் நேர பர்ன் பண்ணாமல் ஐஎஸ்ஓ ஃபைலாச் சேமியுங்கோ. அது முழு டிஸ்க்கின் பிரதி.

2. அந்த ஐஎஸ்ஓவை விஎல்சியில் திறந்து, தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் பாருங்கோ. இங்க பிழை எண்டால் ஒரு டிஸ்க்கும் வீணாகவில்லை.

3. விண்டோஸ் எண்டால் ஐஎஸ்ஓவில் ரைட் கிளிக் செய்து "பர்ன் டிஸ்க் இமேஜ்". வேகத்தை நீங்களே தெரிய வேணும் எண்டால் இம்ஜ்பர்ன் எண்ட இலவச புரோகிராம். மக் எண்டால் ஃபைண்டரிலேயே இருக்கு. ஐஎஸ்ஓவை இழுத்து டிஸ்க்கில் விடாதேங்கோ, அப்ப டிஸ்க்குக்குள்ள ஒரு ஐஎஸ்ஓ ஃபைல்தான் கிடக்கும்.

4. "வெரிஃபை" எண்ட பெட்டியில் சரி போடுங்கோ. எழுதினதை ட்ரைவ் திரும்ப வாசிச்சு ஒப்பிடும். நேரம் எடுக்கும், விடுங்கோ.

5. பிழை வந்தால் வீதத்தைக் குறிச்சு வையுங்கோ. பிறகு ஒண்டை மட்டும் மாத்துங்கோ: முதல்ல துளையும் கேபிளும், பிறகு வேகம், பிறகு வேற கம்பனி டிஸ்க், கடைசியில் வேற ட்ரைவ். காசு போகாததில் தொடங்கிக் காசு போறதில் முடிக்கிற ஒழுங்கு இது.

நேயருக்கு நேரடிப் பதில்: உங்கட மூன்றாவது டிஸ்க் முழுசா எழுதி முடிஞ்சபடியால் ட்ரைவ் பழுது எண்டு சொல்ல ஏலாது. ஹப்பைக் கழட்டுங்கோ, வீடியோவை என்ரிஎஸ்சி டிவிடி வீடியோவா இரண்டாகப் பிரியுங்கோ, 4 மடங்கில் மைனஸ் ஆர் டிஸ்க்கில் எழுதுங்கோ.

கொண்டுபோய்க் குடுக்க முதல்

அம்மம்மாவின்ர பிளேயரிலேயே போட்டுப் பாருங்கோ. தொடக்கம் மட்டும் பார்த்திட்டு எழும்பாதேங்கோ. கடைசிப் பத்து நிமிசத்துக்கு ஓட்டிப் பாருங்கோ, விளிம்பில் பிழை எண்டால் அங்கதான் நிண்டு நிண்டு போகும். மேல காகித லேபிள் ஒட்ட வேண்டாம், சமநிலை குழம்பி ஆடும். சிடிக்கெண்டு விக்கிற மார்க்கரால பெரிய தமிழ் எழுத்தில் "கலியாணம் 1", "கலியாணம் 2" எண்டு எழுதுங்கோ. யன்னல் வெயிலில் வைக்க வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ, சாயம் வெளிறிடும்.

அந்தச் சாயத்தால்தான் கடைசியா ஒண்டு சொல்ல வேணும். டிஸ்க் குடுக்கிறதுக்கு, சேமிக்கிறதுக்கு இல்லை. சோனி 2025 பெப்ரவரியில் எழுதக்கூடிய ப்ளூரே டிஸ்க், மினிடிவி கசட் எல்லாம் செய்யிறதை நிப்பாட்டிட்டுது. இந்தப் பக்கத்துக் கடைகள் ஒவ்வொண்டாப் பூட்டுப்படுது. டிஸ்க் ஓடுது எண்டு சந்தோசத்தில் கொம்பியூட்டரில் இருக்கிற ஒரிஜினலை அழிச்சுப்போடாதேங்கோ. டிவிடிக்கெண்டு சுருக்கின படத்தில் இருந்து ஃபோனில் எடுத்த தெளிவைத் திரும்ப எடுக்க ஏலாது. ஒரிஜினலை இரண்டு ஹார்ட் ட்ரைவில், முடிஞ்சால் இரண்டு வீட்டில் வையுங்கோ. அந்த ஐஎஸ்ஓவையும் கூட வையுங்கோ. டிஸ்க்கில் கீறல் விழுந்திட்டுது எண்டு அம்மம்மா ஃபோன் எடுத்தால், கால் மணித்தியாலத்தில் இன்னொண்டு எழுதிக் குடுக்கலாம்.

அடுத்த எபிசோட்டில், வீட்டு அலுமாரியில் கிடக்கிற பழைய கம்கோடர் கசட்டுகளைக் கொம்பியூட்டருக்குக் கொண்டுவாறது எப்பிடி எண்டு கதைப்பம். உங்கட வீட்டில் எந்த வகைக் கசட் இருக்கு எண்டு பார்த்து, இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. அதை வைச்சுத்தான் எதில் இருந்து தொடங்கிறது எண்டு முடிவெடுப்பம்.

அதுவரைக்கும், விளிம்பில் பிடியுங்கோ, நடுவில் விரல் படாமல்!